வியாழனும் ஞாயிறும் ஆளில்லாத வீடு

சத்தூர்னினா வீட்டை விட்டுப் போனது ஜனவரி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, விடியும் நேரம். இரவு பெய்த ஆலங்கட்டி இன்னும் கரையாமல் முற்றத்தில் வெள்ளையாகக் கிடந்தது. வாசலில் கோழி லாரி உறுமிக்கொண்டு நின்றது. அக்காள் பிரிமிதிவா சந்தை மூட்டையை முதுகில் கட்டியபடி லாரிக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள். தங்கை போகிறாள் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சந்தை நாளான வியாழக்கிழமை பார்த்துப் போகிறாளே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒரு நாள் தள்ளிப் போனா குடியா முழுகிடும்?"

"அவருக்கு நாளைக்கு சாந்தா குரூஸ்ல லோடு ஏத்தணும் அக்கா. கோழி உனக்காகக் காத்திருக்குமா?"

"நாப்பத்தொம்பது வயசுல ஓடிப் போறவளுக்கு அவசரத்தப் பாரு."

"நான் எங்க ஓடுறேன். லாரியிலதானே போறேன்," என்றாள் சத்தூர்னினா. ஓட்டுநர் இருக்கையிலிருந்த, தெருவுக்குக் கோழி கொண்டுவரும் இலாரியோன் சிரித்துவிட்டு, சிரித்ததற்குப் பயந்து கண்ணாடியைத் துடைத்தார்.

லாரி திரும்பிய பிறகு பிரிமிதிவா கதவை வெளியிலிருந்து பூட்டினாள். பதினோரு வருடத்தில் அந்தக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டதே இல்லை. பூட்டைக்கூட விற்பனை மூட்டைக்குள்ளிருந்துதான் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

லா பாஸுக்கு மேலே மேட்டிலிருக்கும் எல் ஆல்த்தோ நகரில் அந்தத் தெருவில் யாரும் வீட்டைக் காலியாக விட்டுப் போவதில்லை. முனையிலுள்ள விளக்குக் கம்பத்தில் ஒரு துணிப் பொம்மை கழுத்தில் கயிறோடு தொங்கும். பிடிபடும் திருடனுக்கு இதுதான் கதி என்று அதன் நெஞ்சில் எழுதியிருக்கும். மழையில் எழுத்து அழிந்தால் தெருச் சங்கத்தார் புதிதாக எழுதுவார்கள். அப்படியும் போன ஆண்டு இரண்டு வீட்டில் எரிவாயு உருளை போனது.

உருளை போனால் போகட்டும். பிரிமிதிவாவின் முன்னறையில் அந்த ஆண்டு மாதா இருந்தாள். மூன்று சாண் உயரச் சுரூபம், தலையில் வெள்ளிக் கிரீடம், தோளில் சரிகை அங்கி. தெருவின் திருவிழாவை ஏற்று நடத்தும் பிரெஸ்தேயின் வீட்டில்தான் மாதா ஓராண்டு தங்குவாள். ஆகஸ்டில் திருவிழா முடிந்ததும் மேளதாளத்தோடு அடுத்த பிரெஸ்தேயின் வீட்டுக்குப் போவாள். பிரிமிதிவா இருபத்திரண்டு ஆண்டுகளாக வரிசையில் நின்று வாங்கிய ஆண்டு இது. பொறுப்பைக் கொடுக்கும்போதே சங்கக் கூட்டத்தில் ஒரு குரல் எதிர்த்தது. அதற்கு முந்தைய பிரெஸ்தேயான செனோபியோ அலனோக்காவின் குரல்.

"அந்த வீட்டுல ரெண்டே பொம்பளைங்க. ஒருத்தி சந்தைக்குப் போயிட்டா இன்னொருத்தி. அவளும் எங்கயாச்சும் போனா மாதாவுக்கு யாரு காவல், பூனையா?"

"எங்க வீட்டுப் பூன செத்து நாலு வருஷம் ஆச்சு தோன் செனோபியோ," என்றாள் பிரிமிதிவா. "என் தங்கச்சி இருக்கா. பதினோரு வருஷமா அவ வாசப்படி தாண்டல, இனியும் தாண்ட மாட்டா."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு மாதா அவள் வீட்டுக்கு வந்தாள். இப்போது வாசற்படியைத் தாண்டி ஒருத்தி சாந்தா குரூஸுக்கே போய்விட்டாள். வியாழன், ஞாயிறு என வாரத்தில் இரண்டு சந்தை நாளும் வீடு காலி என்பது தெருவுக்குத் தெரிந்தால் மாதாவை அன்றே எடுத்துப் போய்விடுவார்கள். எந்தப் பிரெஸ்தேக்கும் அந்தத் தெருவில் அப்படி நடந்ததில்லை. சந்தையை விடலாமென்றால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பிரிமிதிவாவின் பிழைப்பு வெளிச்சம். பதினான்கு வயதில் ஏரிக்கரை ஊரிலிருந்து லா பாஸில் ஒரு வீட்டு வேலைக்கு வந்தாள். வந்த அன்று மின்விளக்குப் பொத்தானை நாற்பது முறை அழுத்திப் பார்த்தாள், சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியவேண்டும் அவளுக்கு. நாற்பத்தோராவது முறை எஜமானியின் கை விழுந்தது. பிறகு கல்யாணம். கணவன் புயனோஸ் ஐரஸுக்குத் துணி தைக்கப் போனான், அங்கேயே இன்னொரு குடும்பம் தைத்துக்கொண்டான். ஏன் என்று அவள் இரண்டு வருடம் யோசித்தாள், விடை கிடைக்கவில்லை, விட்டுவிட்டாள். அணைந்த பல்புகளைச் சாக்கில் வாங்கி, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே இழை அறுந்ததையும் ஒட்டிக்கொள்ளக் கூடியதையும் சத்தத்தில் பிரித்தாள். இழை பல்புகள் போய் எல்இடி வந்தபோது மற்றவர்கள் கடையை மூடினார்கள். இவள் ஒன்றைப் பிளந்து பார்த்தாள். உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள். ஒன்று கருகினால் மொத்தமும் அணையும். கருகிய பொட்டைத் தாண்டி ஒரு துளி ஈயம் வைத்தால் மற்றவை எரியும். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் யாரிடமும் சொல்லாமல் இரண்டு தட்டு வறுத்த மீன் தின்றாள்.

ஆக, தங்கை போன முதல் வாரம் கவலை. இரண்டாம் வாரம் கவலைக்குள்ளேயே ஓர் அரிப்பு எடுக்கத் தொடங்கியது. ஆளில்லாத வீட்டை ஆளுள்ள வீடாகக் காட்ட என்னவெல்லாம் வேண்டும்?

ஆள் என்றால் வெளிச்சம், சத்தம், துணி. இப்படித்தான் அவள் யோசித்தாள். தங்கையின் அறையில் ஒரு பல்பையும் ஐமாரா மொழி வானொலியையும், சந்தையில் எடைக்குக் கிடைத்த, வைத்த நேரத்துக்குத் தானே மின்சாரம் விடும் கருவி ஒன்றில் மாட்டினாள். காலை எட்டுக்கு வானொலி பேசும். மாலை ஆறுக்கு விளக்கு எரியும். சத்தூர்னினா விட்டுப்போன பச்சைப் பாவாடையை நனைத்து, சந்தைக்குப் போகும் முன் கொடியில் போட்டாள். தெருவிலிருந்து பார்த்தால் சுவருக்கு மேல் அதன் மடிப்புகள் தெரியும்.

வாசலுக்கு, அசைவைக் கண்டால் எரியும் சூரியவிளக்கு இரண்டு வாங்கினாள். ஒன்றில் பலகை விரிசல், இன்னொன்றில் மின்கலம் செத்தது. இரண்டையும் கலந்து ஒன்றரையாக்கினாள். முதலில் விளக்கைத் தெருவைப் பார்க்க வைத்தாள். நாய் போனாலும் எரிந்தது, மினிபஸ் போனாலும் எரிந்தது, விடிவதற்குள் மின்கலம் காலி. ஏணியில் ஏறி அதைச் சுவரோரமாகத் திருப்பி, நடைபாதையைக் குறுக்காக மட்டும் பார்க்கும்படி கட்டினாள். இப்போது கதவுக்கு நான்கு அடிக்குள் வந்தவருக்கு மட்டும் எரிந்தது. அன்று முழுவதும் அவளே உள்ளேயும் வெளியேயும் நடந்து எரிய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேமரா குரோவரிடம் கிடைத்தது. சந்தையில் அவள் கடைக்கு மூன்று கடை தள்ளி பழைய செல்போன் விற்பவன். முப்பது வயது, வாயை மூடத் தெரியாது.

"கழுத்து ஒடிஞ்ச கேமரா தோன்யா பிரிமி. பார்வ நல்லாருக்கு. என் மாமியார் மாதிரி, நடக்க முடியாது, எல்லாத்தையும் பாக்கும்."

"எவ்வளவு?"

"நூத்தம்பது பொலிவியானோ."

"கழுத்துக்கு எவ்வளவு, பார்வைக்கு எவ்வளவு? பார்வைய மட்டும் குடு."

எண்பதுக்கு முடிந்தது. ஒடிந்த கழுத்துக்குப் பதில் பழைய மேசைவிளக்கின் வளையும் தண்டைப் பொருத்தினாள். மழைக்குப் பிளாஸ்டிக் குளிர்பானப் புட்டியைக் குறுக்கே வெட்டி மேலே கவிழ்த்தாள். காலை வெயில் நேரே கண்ணில் அடித்துப் படம் வெளுத்தது. கூரை விளிம்புக்குக் கீழே ஒரு சாண் இறக்கினாள், சரியானது. மிச்சமிருந்தது இணையம். அது பக்கத்து வீட்டு எதுவிகெஸிடம் இருந்தது. எதுவிகெஸின் மகனுக்கு பிரிமிதிவாதான் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றே அழைப்பார்கள். எனவே அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது.

"போயிட்டாளா? கோழிக்காரரோடயா?" எதுவிகெஸ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். "நான் அவ பக்கத்து ரூம்ல பாட்டு கேக்குறான்னு நெனச்சேன் கொமாத்ரே. வானொலி பேசுதே."

"அப்போ வேல செய்யுதுன்னு சொல்லு."

"செய்யுது செய்யுது. நேத்து நான் சுவத்துக்கு இந்தப் பக்கமிருந்து அதுக்கு ஒரு நல்ல காலை வணக்கம்கூடச் சொன்னேன்."

அடுத்த சந்தை நாளிலிருந்து பிரிமிதிவாவின் கைப்பேசியில் அவள் தெரு வந்துவிட்டது. வாசலில் எது அசைந்தாலும் 'தீம்' என்றொரு சத்தம், ஒரு சிறு படம். பல்புச் சாக்குகளுக்கு நடுவில் குந்தியிருந்து அவள் அதைப் பார்த்தாள். முப்பது வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறாள், வியாழக்கிழமை பகலில் அது எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. ரொட்டிக்காரி ஒவ்வொரு கதவிலும் கூடையை இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். பள்ளி ஆசிரியர் தனியாகப் பேசிக்கொண்டு போகிறார், கையையும் ஆட்டுகிறார், யாரோடோ சண்டை போலும். காது கிழிந்த ஒரு மஞ்சள் நாய் சரியாகப் பத்து மணிக்கு அவள் படியில் வந்து படுத்து, பன்னிரண்டுக்கு எழுந்து போகிறது. அதற்கு யார் மணி சொல்கிறார்கள்?

"கடைக்காரம்மா, இந்தப் பல்பு எரியுமா எரியாதா?" வாங்க வந்தவள் இரண்டு முறை கேட்டாள்.

"எரியும்," என்றாள் பிரிமிதிவா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இரு, நாய் எந்திரிக்குது."

பிறகு தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் செவ்வாய் வந்தது. அன்று வீட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் சல்யா செய்யவேண்டும். சுவர், அடுப்பு, தையல் எந்திரம், வண்டி, கடைச் சாமான், எது உதவுகிறதோ அதற்குப் பீரும் சாராயமும் தெளித்து, வண்ணக் காகிதத் துணுக்கு தூவி, காகிதச் சுருள் சுற்றி, பூ வைத்து நன்றி சொல்லவேண்டும். நன்றி பெறாத பொருள் அந்த ஆண்டு கைவிட்டுவிடும். எதுவிகெஸ் ஒரு புட்டி பீரோடு வந்து முற்றத்தைச் சுற்றினாள்.

"கொமாத்ரே, மேல இருக்குதே அதுக்கு யாரு ஊத்துறது?"

"கேமராவுக்கா?"

"மாதாவையே காக்குது. அதுக்குத்தான் மொதல்ல ஊத்தியிருக்கணும்."

பிரிமிதிவாவுக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஏணியில் ஏறி கேமராவுக்கு இரண்டு முறை பீர் தெளித்தாள், ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். கீழேயிருந்து எதுவிகெஸ் சுருள்களை எறிய, இவள் விளக்குக்கும் கேமராவுக்கும் சேர்த்து மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சுற்றினாள். இறங்கி நின்று பார்த்தபோது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை தெருவே அதைப் பற்றித்தான் பேசியது. எல் ஆல்த்தோவின் காற்று சும்மா இருக்குமா? சுருள்களின் வால் அசைய, விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, பொழுது விடியும்வரை. ரொட்டிக்காரி கேட்டாள், "தோன்யா பிரிமி, உங்க வீட்டுல நேத்து நடனமா? எங்களக் கூப்பிடலயே." கைப்பேசியில் எழுநூற்றுப் பன்னிரண்டு படங்கள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் ஒரு இளஞ்சிவப்புக் காகிதம்.

தொங்கிய வால்களை மட்டும் கத்தரித்தாள். மற்றவற்றைத் தொடவில்லை. சல்யாச் சுருள் தானாக உதிரவேண்டும், பிய்த்தால் கொடுத்த நன்றியைத் திரும்பப் பிடுங்கியது போல. பீரையும் துடைக்கக்கூடாது. அது கேமராவின் கண்ணில் காய்ந்து, சர்க்கரைப் பாகு பூசிய கண்ணாடியாய் நின்றது. தெரு தெரிந்தது, ஆனால் ஆட்களெல்லாம் கஞ்சிக்குள் நடப்பது போல நடந்தார்கள். மஞ்சள் நாய் ஒரு மஞ்சள் கறையாகப் படுத்திருந்தது.

அந்த வியாழக்கிழமைதான் முதல் முறை அந்த உருவம் வந்தது.

பதினொரு மணி. 'தீம்'. கருப்பாக நீளமாக ஒன்று அவள் கதவின் முன் நின்றது. தலையில் தொப்பி. தட்டவில்லை, மணியும் அடிக்கவில்லை. கதவின் இரண்டு தகடுகளும் சேரும் இடத்தில், விரலளவு இடுக்கு இருக்கும் இடத்தில், தலையைக் குனிந்து நின்றது. பத்து நிமிடம் கழித்துப் போனது. ஞாயிறு அதே பதினொன்று. அடுத்த வியாழனும்.

பிரிமிதிவா கைப்பேசியை குரோவரிடம் நீட்டினாள்.

"இது ஆம்பளையா பொம்பளையா?"

குரோவர் படத்தைப் பெரிதாக்கினான், சின்னதாக்கினான், தலைகீழாகத் திருப்பினான். "தொப்பி இருக்கு. அப்போ ஊர்ல பாதிப் பேரு."

"இடுக்கு வழியா என்னத்த பாக்குறான்?"

"முன்ரூம் ஜன்னல் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ உள்ள இருக்குறதப் பாக்குறான்." அவன் குரல் இறங்கியது. "திருட வர்றவன் மொதல்ல பல தடவ வந்து பாப்பான் தோன்யா. ஒரே நேரத்துல வர்றான்னா உங்க நேரத்த படிச்சிட்டான். கண்ணாடியத் தொடச்சுத் தொலைங்க, மூஞ்சி தெரியும்."

"சல்யா பண்ணது."

"ஓ," என்றான் குரோவர். அதற்கு மேல் அவனும் வற்புறுத்தவில்லை. அவன் கடையிலிருந்த கல்லாப்பெட்டியின் பூட்டுத் துளைக்குள்ளும் காகிதத் துணுக்கு நிறைந்து, மூன்று நாளாக அது திறக்காமல் கிடந்தது.

சங்கத்தாரிடம் சொல்லலாம். விசில் ஊதினால் பத்து நிமிடத்தில் தெருவே தடியோடு நிற்கும். ஆனால் சொன்ன மறுகணம் அவர்கள் கேட்பார்கள், உன் தங்கை எங்கே, அவள் ஏன் பார்க்கவில்லை என்று. திருடன் கிரீடத்தை எடுத்தாலும் மாதா போவாள், தெருவுக்கு விஷயம் தெரிந்தாலும் மாதா போவாள். இரண்டு இரவு இதையே புரட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை அவளுக்குத் தோன்றியது. சல்யா பெற்ற கேமராவைத்தானே தொடக்கூடாது? சல்யா பெறாத ஒன்றை வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்.

குரோவரிடம் முன்கண்ணாடி நொறுங்கிய கைப்பேசி ஒன்று இருந்தது, விற்கவே முடியாதது. பின்பக்கக் கண் மட்டும் நன்றாக இருந்தது. பழைய கைப்பேசியையே கேமராவாக்கும் ஒரு செயலியை அவன் அதில் போட்டுக் கொடுத்தான், சும்மா. "இதுக்கு மட்டும் எதையும் ஊத்திடாதீங்க," என்றான். முன்னறை ஜன்னலுக்கு உட்புறம், மாதாவின் பூச்சாடிக்குப் பக்கத்தில், அரிசி நிரப்பிய குவளையில் அதை நிமிர்த்தி வைத்தாள். வாசல் இடுக்கு நேரே தெரிந்தது. ஜன்னலுக்கு மேலே காற்றுக்கான சிறு கதவு திறந்திருந்தது.

ஞாயிறு, பதினொன்று ஆக நான்கு நிமிடம். அவள் பல்பு விற்பதை நிறுத்தியிருந்தாள். குரோவரும் தன் கடையை விட்டு வந்து குந்தியிருந்தான். முற்றம் தெரிந்தது, கொடியில் பாவாடை தெரிந்தது, மெல்லிய தூறல் தெரிந்தது. பிறகு இடுக்கில் ஒரு கண் வந்தது, ஒரு வெள்ளை மீசையின் பாதி வந்தது. அந்த மனிதர் ஒரு அடி பின்னே நகர்ந்து தொப்பியைக் கழற்றினார்.

செனோபியோ அலனோக்கா.

"யாரு இது?" என்றான் குரோவர்.

"பூன," என்றாள் பிரிமிதிவா. அவனுக்குப் புரியவில்லை.

உதடுகள் அசைந்தன. இந்தக் கைப்பேசியில் ஒலியும் வரும் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சத்தத்தைக் கூட்டி, பல்பைக் கேட்பது போலக் காதோடு ஒட்டவைத்துக் கேட்டாள். சந்தையின் ஒலிபெருக்கிகளுக்கும் உருளைக்கிழங்கு விலைக்கும் அடியில், தகரத்தில் பட்டு வரும் கிழக்குரல் ஒன்று கேட்டது.

"…இன்னிக்கும் யாரும் இல்ல அம்மா. நான் வந்துட்டேன், பயப்படாத. கிரீடம் கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்கு, அவகிட்ட நான் எப்படிச் சொல்றது. முட்டி வலி அப்படியேதான் இருக்கு. யார்கிட்டயும் நான் சொல்லல…"

பிரிமிதிவா கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, திரையைக் கீழே கவிழ்த்து மடியில் வைத்தாள். முகம் சூடாகியிருந்தது. அடுத்தவர் செபத்தை ஒட்டுக் கேட்பதற்கா எண்பது பொலிவியானோ கேமராவும் அரிசிக் குவளையும்? ஆனால் வீட்டில் ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஏன்? அந்த 'ஏன்' அவளை வியாழக்கிழமைவரை சாப்பிட விடவில்லை.

வியாழன் அவள் சந்தைக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு மணல் நெரியும் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்தாள். செனோபியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எழுபது வயது ஆளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட முகம்.

"இன்னிக்கு வியாழக்கிழம," என்றார்.

"தெரியும். உள்ள வாங்க."

"நான் சும்மா இந்தப் பக்கமா…"

"நாலு சந்தையா சும்மா இந்தப் பக்கமா வர்றீங்க. காத்து அடிக்குது, உள்ள வாங்க தோன் செனோபியோ."

அவர் முன்னறைக்குள் வந்ததும் முதல் வேலையாக மாதாவின் கிரீடத்தை நேராக்கினார். பிறகுதான் உட்கார்ந்தார். பிரிமிதிவா ஊதாச் சோளக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குவளையில் கையைச் சூடாக்கிக்கொண்டார்.

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு, அவ போனது?"

"பாவாட."

"என்ன பாவாட?"

"பச்சப் பாவாட. வியாழனும் காயுது, ஞாயிறும் காயுது. ஒரு பொம்பளைக்கு ஒரே பாவாடையா? சரி, ஏழைன்னு நெனச்சேன். அப்புறம் ஆலங்கட்டி பெஞ்சுது. தெருவே ஓடி ஓடித் துணி எடுத்தது. உங்க கொடியில மட்டும் அது ஆடிக்கிட்டு நின்னுது. வீட்டுல ஆளிருந்தா ஆலங்கட்டியில பாவாடைய விடுவாளா?"

பிரிமிதிவா ஜன்னல் வழியாகக் கொடியை எட்டிப் பார்த்தாள். விளக்கின் கோணத்துக்கு ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டாள். மழையை நினைக்கவே இல்லை.

"அன்னிக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே. நீங்க சொன்னதுதானே நடந்தது."

"சொல்லியிருக்கலாம்." அவர் கஞ்சியைக் கிளறினார். "சொன்னா அடுத்த ஆள் கெடைக்கிறவரைக்கும் பழைய வீட்டுலயே இருக்கட்டும்னு என் வீட்டுக்குத்தான் கொண்டாந்திருப்பாங்க. எனக்கும் அதுதான் வேணும். போன வருஷம் பூரா காலையில எந்திரிச்சா மாதா இருந்தா. இப்ப எந்திரிச்சா சுவரு இருக்கு. ஆனா கோள் சொல்லிக் கூட்டிட்டு வந்தா, அவ என் மூஞ்சியப் பாப்பாளா?"

இருவரும் மாதாவைப் பார்த்தார்கள். அவள் வழக்கம் போல அவர்களுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேமராவுல ஒரு கொற இருக்கு," என்றாள் பிரிமிதிவா கடைசியில். "அது பாக்கும், சொல்லும். எந்திரிச்சுப் போய் யாருன்னு கேக்காது. நான் சந்தையில இருந்து வர ஒரு மணி நேரம். அதுக்குள்ள கேக்குறதுக்கு ஒரு ஆள் வேணும்."

"நான் என்ன காவக்காரனா?"

"காவக்காரருக்குச் சம்பளம் குடுக்கணும். உங்களுக்கு நாற்காலி மட்டும்தான்."

"முட்டிக்குக் கீழ போட ஒரு முக்காலி?"

"அதுவும் தரேன்."

ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யவேண்டியிருந்தது. இன்னொருவர் தன் பொய்யைக் காவல் காப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரல் கூட்டத்தில் அவளே எழுந்து நின்றாள். என் தங்கை ஜனவரியிலேயே போய்விட்டாள், வானொலி நான் வைத்தது, பாவாடையும் நான் போட்டது என்றாள். சலசலப்பு எழுந்தது. மாதாவை இன்றே எடுத்துவிடலாம் என்று இரண்டு பேர் எழுந்தார்கள். தலைவர் செனோபியோவைப் பார்த்தார். ஆரம்பத்திலேயே எச்சரித்தவர் அவர்தானே.

செனோபியோ முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"நான் போன வருஷம் மாதாவ வச்சிருந்தப்ப என் வீட்டுல ஏழு பேரு. ஒரு தடவ ஏழு பேரும் கல்யாணத்துக்குப் போயிட்டோம். கதவு பூட்டக்கூட இல்ல. யாருக்கும் தெரியாது, இப்பத்தான் சொல்றேன். இந்த வீட்டுல மாதா தும்முனாக்கூட இவளுக்குச் சந்தையில மணி அடிக்குது. வியாழனும் ஞாயிறும் நான் போய் உக்காருறேன். வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"உங்க மருமக ஒத்துக்கிட்டாளா தோன்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அவதான் என்னய மொதல்ல தள்ளி விட்டா."

சிரித்துவிட்டார்கள். மாதா அங்கேயே இருந்தாள்.

சுருள்கள் மே மாதக் காற்றில் தாமாகவே உதிர்ந்தன. அன்று பிரிமிதிவா ஏணியில் ஏறி, கேமராவின் கண்ணை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தாள். தெரு மறுபடி தெளிவானது. வியாழக்கிழமைகளில் கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலி, முக்காலியில் ஒரு கால், வெளியே படியில் மஞ்சள் நாய். நாய் ஏன் பன்னிரண்டுக்கு எழுந்து போகிறது என்பதை செனோபியோதான் கண்டுபிடித்துச் சொன்னார். வெயில் அந்தப் படியை விட்டு எதிர்வீட்டுப் படிக்கு நகரும் நேரம் அது.

ஆகஸ்டில் திருவிழா நடந்தது. ஊர்வலம் புறப்படும் முன் கிரீடத்தையும் அங்கிகளையும் எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டினார்கள். ஒன்றும் குறையவில்லை. புதிய பிரெஸ்தே மினிபஸ் ஓட்டும் தார்க்கி, அவர் மனைவிக்கும் கடை உண்டு, பகலில் அந்த வீடும் காலிதான். பிரிமிதிவா கேமராவையும் விளக்கையும் கழற்றி, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடந்து போய் அங்கே மாட்டினாள். வானொலியைத் தரவில்லை. சத்தூர்னினா எப்போதாவது வந்தால் கேட்பாள்.

அதற்குப் பிறகு வருடங்கள் போயின. சந்தை நாளில் கைப்பேசி 'தீம்' என்று ஒலிப்பது நின்று போனது, அவளும் அதை மறந்து போனாள். நான்காம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பல்புச் சாக்கு ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"வணக்கம் தோன்யா பிரிமிதிவா. நான் ஹெர்னான் சிபானா, தெருவோட கீழ் முனை வீடு. இந்த வருஷம் மாதா எங்க வீட்டுல. நேத்து மின்னலுக்கு அப்புறம் மாதாவோட கேமரா கடவுச்சொல் கேக்குது. முந்தின வீடுங்கள்ல எல்லாம் கேட்டுட்டேன், யாருக்கும் தெரியல, நீங்க வச்சதுன்னு சொல்றாங்க. கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்க. நாங்க எல்லாரும் வேலைக்கு வந்துட்டோம், மாதா வீட்டுல தனியா இருக்கா."